மரக்காணத்து உப்பு, அபிராமபுரத்துக் குளம்

உக்காந்துக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. முட்டி ரெண்டும் போச்சு. நீச்சல் குளத்து ஓரத்துல குந்திக் குந்தியே தேஞ்ச முட்டி. கையைப் பாருங்க, ஆசிட் பட்டு வெடிச்சது வெடிச்சபடியே நின்னுபோச்சு. முதலாளியோட பையன் போன் பண்ணி, "புதுசா ஆளுங்க சேந்திருக்காங்க, நீங்க வந்து உங்க அனுபவத்தைச் சொல்லணும்"னான். அனுபவம்னா என்னத்தைச் சொல்ல? அடுத்தவங்க தண்ணியைத் தெளிய வச்சே என் காலம் போச்சு. எங்க மந்தைவெளி குடியிருப்புல இன்னிக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வருது. என் வீட்டுக்காரி குடத்தை வச்சுக்கிட்டு வரிசையில நிப்பா. நான் அடையாறுல ஒரு பங்களாவுல, ஐயோ பிஹெச் கொஞ்சம் ஏறிடுச்சேன்னு கவலைப்பட்டுக்கிட்டு நிப்பேன். சிரிக்கிறீங்க. சிரிங்க, நீங்களும் நிக்கத்தானே போறீங்க.

பிஹெச் எவ்வளவு இருக்கணும், உப்பு எவ்வளவு, ஆசிட் எவ்வளவு, எல்லாம் உங்களுக்குக் கொடுத்த அட்டையில இருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சவங்களைத்தான் வேலைக்கு எடுத்திருப்பாங்க. அட்டையில இல்லாததுதான் ஆளைச் சாகடிக்கும்.

உப்புத் தண்ணி நீச்சல் குளம்னா அதைக் கட்டின வீட்டுக்காரங்களே கடல் தண்ணின்னு நினைச்சுக்கிறாங்க. பெசன்ட் நகர்ல ஒருத்தர் என்கிட்ட மீன் விடலாமான்னு கேட்டார். உங்க வீட்டு மோர்ல போடற அளவு உப்புகூட அதுல இருக்காது சார்னேன். அந்த உப்பை மெஷின் கரண்ட்டால உடைச்சு குளோரினா மாத்தும், அவ்வளவுதான் விஷயம். இதை எத்தனை வீட்ல சொல்லியிருப்பேன், எத்தனை பேர் காதுல வாங்கினாங்கன்னு கேக்காதீங்க. தி. நகர்ல ஒரு வீடு. தீபாவளி காலையில குடும்பமே தலைக்கு நல்லெண்ணெய் தேய்ச்சு, சீயக்காயோட குளத்துல குதிச்சிட்டாங்க. மறுநாள் போன்: "என்னய்யா, உன் மெஷின் சரியில்ல. தண்ணி மேல ஏதோ மிதக்குது." போய்ப் பாத்தா மிளகு ரசம் மாதிரி இருக்கு. திட்டு யாருக்கு? எனக்கு. இந்தத் தொழில்ல மெஷினும் நாமளும் ஒண்ணு. ரெண்டுக்கும் வாய் கிடையாதுன்னு நினைச்சுக்குவாங்க.

எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவர் ஒருத்தர் இருந்தார். நல்ல வார்த்தை அவர் வாயில வந்து நான் கேட்டதில்ல. பீடியும் வசவும்தான். ஆனா ஒண்ணு மட்டும் விடாம சொல்லுவார். "தண்ணி கெட்டுப்போச்சுன்னா எல்லாப் பயலும் என்னத்தைப் போட்டீங்கன்னு கேப்பான். நீ தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுடா." அந்த ஒரு கேள்விக்காக அவரோட மத்த வசவையெல்லாம் மன்னிக்கலாம்னு எனக்கு அபிராமபுரத்துல ஒரு வீட்லதான் தெரிஞ்சுது. அதைச் சொல்லிட்டு எழுந்து போயிடறேன்.

அந்த வீட்டம்மா பேரு வசந்தா. தி. நகர்ல பெரிய ஜவுளிக்கடை. புருஷன் போனதுக்கு அப்புறம் கடையையும் வீட்டையும் ஒரே ஆளா நின்னு பாத்தவங்க. ஒரே பையன். அந்தப் பையன் காலேஜ்ல கூடப் படிச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டான். பொண்ணு பேரு கயல். மரக்காணம். அவங்க அப்பா அங்க உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தறவர். நடத்தறவர்னா நாற்காலி போட்டு உக்கார்ற ஆள் இல்ல, வெயில்ல இறங்கி உப்பு வார்ற ஆள். வசந்தா அம்மா கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா சம்பந்தி வீட்டுக்கு வந்தா ஹால் சோபாவோட சரி. சமையல்கட்டு வரைக்கும் யாரும் கூப்பிட்டு நான் பாத்ததில்ல.

கயல் மாசமா இருந்தப்ப இடுப்பு வலி தாங்கல. தண்ணியில நடந்தா நல்லதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பழைய குளத்துல டைல்ஸ் எல்லாம் பேந்து கிடந்துச்சு. வசந்தா அம்மா யோசிக்கவே இல்ல, மொத்தமா இடிச்சுப் புது டைல்ஸ் போடச் சொல்லிட்டாங்க. மருமக மேல பாசம் இல்லாம இல்ல. பாசத்தைத் தான் நினைச்ச மாதிரிதான் காட்டுவாங்க, அதுதான் அந்தம்மா. தண்ணியை முழுக்க வடிச்சு, வேலை முடிஞ்சு, திரும்ப நிரப்பற நேரத்துல வளைகாப்பு நாள் குறிச்சாச்சு. விசேஷமே குளத்தைச் சுத்தித்தான். பந்தல், தாமரைப்பூ மிதக்க விடறது, எல்லாம் ஏற்பாடு.

இதுக்கு நடுவுல ஒரு இழுபறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. முதல் பிரசவம் அம்மா வீட்லதானே. வளைகாப்பு முடிஞ்சதும் கயலைக் கூட்டிட்டுப் போறேன்னு அவங்க அப்பா கேட்டார். "இங்க கூப்பிடற தூரத்துல ஆஸ்பத்திரி இருக்கு. அங்க உப்புக் காத்துல, புழுதியில என் பேரப்புள்ள எதுக்குப் பொறக்கணும்?"னு வசந்தா அம்மா. அந்தப் பொண்ணு எதுத்துப் பேசல. என்கிட்ட மட்டும் ஒருநாள், குளத்து ஓரம் உக்காந்துக்கிட்டு, "அண்ணே, எங்கம்மா கையால ஒரு மாசம் சாப்பிட்டாப் போதும்ணே, நான் தெம்பாயிடுவேன்"னு சொல்லிச்சு. பையன் கெஞ்சி, அந்தம்மா அரை மனசா சரின்னு தலையாட்டி, வளைகாப்பு அன்னிக்கு சாயங்காலம் கிளம்பறதுன்னு முடிவாச்சு.

குளத்துக்கு மூட்டை மூட்டையா உப்பு வேணுமேன்னு கயல் சும்மா போன்ல சொல்லியிருக்கு. அவங்க அப்பாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. "எம்பொண்ணு இறங்குற தண்ணிக்குக் கடையில உப்பு வாங்குறதா?"ன்னு ஒரு குட்டியானை வண்டி பிடிச்சு, உப்பு மூட்டையை அடுக்கி, தானும் டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்துட்டார், விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி.

நான் அப்ப அங்க இருக்கேன். மூட்டையைப் பிரிச்சுக் காட்டறார். "மேலாப்புல வாரினது. கல்லு, மண்ணு இல்லாம கையால பொறுக்கியிருக்கேன். பாருங்க தம்பி." வெள்ளை வெளேர்னு இருக்கு. நம்ம கம்பெனி சட்டப்படி நான் வேணாம்னு சொல்லணும். உப்பளத்து உப்புல வேற வேற சத்து கலந்து வரும், மெஷின் தகட்டுல படியும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் அந்த மனுஷனோட கையைப் பாத்தேன். என் கை மாதிரியே வெடிச்ச கை. வசந்தா அம்மா மாடியில நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. இந்த உப்பு ஆகாதுன்னு என் வாயால வந்தா அது உப்போட நிக்காதுன்னு எனக்குத் தெரியும். போடுங்கன்னுட்டேன். அப்ப குளத்துல பாதித் தண்ணிதான், லாரித் தண்ணி. மீதி லாரி மறுநாள் வரும்னாங்க. "தண்ணி ரொம்பினதும் மெஷினைப் போட்டுக்கோங்க, விசேஷத்தன்னிக்குக் காலையிலேயே வந்து பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

விசேஷத்தன்னிக்கு விடிஞ்சு போறேன். பந்தல் கட்டியாச்சு, வாழை மரம் நின்னாச்சு, நாதஸ்வரக்காரங்க காபி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. குளத்தைப் பாத்தேன். அடக் கடவுளே! டிகாக்‌ஷன். முழுக் குளமும் டிகாக்‌ஷன். புது வெள்ளை டைல்ஸே தெரியல.

வசந்தா அம்மா பட்டுப்புடவையோட வந்து நின்னாங்க. கத்தல. கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"பாத்தியாப்பா? அப்பவே நினைச்சேன். கடலோரத்துல புழுதியோட வார்ற உப்பு. நீயும் போடுங்கன்னுட்ட."

"அம்மா, என்னன்னு பாத்துடறேன்."

"பத்து மணிக்குள்ள தெளியுமா?"

"தெளியாதும்மா. பில்டர்ல ஓடி ஓடித்தான் வரணும். ரெண்டு மூணு நாளாவது ஆகும்."

"சரி. நீ பிரஷ் குச்சியை எடுத்துக்கிட்டு தேய்க்கிற மாதிரி நில்லு. வேலை நடக்குதுன்னு வந்தவங்களுக்குத் தெரியணும்." ரெண்டு எட்டு நடந்தவங்க திரும்பிச் சொன்னாங்க. "கயலை அனுப்பறதா இல்ல. கொண்டு வந்த உப்பே இந்த லட்சணத்துல இருக்கு. அங்க என் பேரப்புள்ளைய எந்தத் தண்ணியில குளிப்பாட்டுவாங்களோ."

பாத்தீங்களா, எங்கேருந்து எங்க போயிடுச்சு? தண்ணிக் கலரைச் சாக்கா வச்சு ஒரு பொண்ணு அம்மா வீட்டுக்குப் போறது நின்னுபோச்சு. அதுக்கு உப்பைப் போடச் சொன்ன நானும் உடந்தை. ஜன்னல்ல கயல் நிக்குது, தலை நிறைய பூ. முகத்துல ஈ ஆடல. அதுக்கு அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சிருக்கு.

நான் குச்சியை எடுத்துக்கிட்டு தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க எரிச்சலா வந்துச்சு. யார் மேல எரிச்சல்னு எனக்கே தெரியல. காலையில சாப்பிடக்கூட இல்ல. எக்கேடோ கெட்டுப் போங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். நிஜமா நினைச்சேன். அப்பத்தான் அந்த பீடிக்காரர் கேள்வி ஞாபகம் வந்துச்சு. எல்லாரும் உப்பு, உப்புங்கறாங்க. நான் போனப்ப பாதித் தண்ணி. இப்ப ததும்பத் ததும்ப இருக்கு. மீதித் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?

வாட்ச்மேன் முனுசாமி கேட் ஓரம் நின்னுக்கிட்டு இருந்தார். போய் மெதுவா கேட்டேன். "நேத்து லாரி வந்துச்சா முனுசாமி?"

"லாரியா?" மேல பாத்தார், கீழ பாத்தார். "இன்னாத்துக்குக் கேக்குற?"

"வந்துச்சா இல்லையா?"

"கேட்டாண்ட பந்தல்காரன் கழி நட்டுட்டான் நைனா. லாரி எப்டி பூரும்? வந்த லாரி அப்டியே ரிவர்ஸ் எட்த்துக்கினு பூட்ச்சு." குரலை இறக்கினார். "அம்மாதான் போர் மோட்டாரைப் போட்டு உடச் சொல்ட்டாங்கோ. ராவு பூரா ஓடிக்கினு கீது. காலீல மெஷினப் போட்டேன், பாத்துக்கினு இருக்கச் சொல்லோ கலர் மாறிச்சு. நான் சொன்னேன்னு சொல்லிடாத நைனா, புள்ளகுட்டிக்காரன்."

வீட்டுப் பின்பக்கம் போனேன். வேலைக்காரங்க குளிக்கிற பாத்ரூம்ல போர் தண்ணி பிடிக்கிற பக்கெட், அடியில துருக் கலர்ல படிஞ்சு கிடக்கு. இந்த ஊர்ல எத்தனையோ வீட்ல பாக்கற கறைதான். அதை அந்த வீட்டுக்காரங்க யாரும் பாத்திருக்க மாட்டாங்க, அவங்க குழாய்ல வர்றது வேற தண்ணி.

பந்தல் சாமான் கூட ரெண்டு புது வெள்ளை பக்கெட் இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். ஒண்ணுல குடிக்கிற கேன் தண்ணி ஊத்தி, மிச்ச மூட்டையிலேருந்து உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். மெஷினுக்குப் பதிலா நானே கொஞ்சம் குளோரினும் விட்டேன். காத்திருந்தேன். தண்ணி தண்ணியா இருந்துச்சு. இன்னொண்ணுல போர் தண்ணி. பிடிக்கிறப்ப கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு. அதே அளவு குளோரின் விட்டேன். பாத்துக்கிட்டு இருக்கும்போதே பழுப்பாச்சு.

அப்பாடான்னு இருந்துச்சு. என் தலை தப்பிச்சுது பாருங்க. ஆனா அதுக்கு அடுத்த நிமிஷமே பகீர்னுச்சு. இப்ப இதை நான் யார்கிட்ட சொல்றது?

இங்கதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கு. கையில நிரூபணம் கிடைச்சதும் நமக்கு ஒரு திமிர் வரும். ஓடிப்போய் எல்லார் முன்னாடியும் பக்கெட்டை வச்சு, பாருங்க பாருங்கன்னு சொல்லணும்னு கை அரிக்கும். எனக்கும் அரிச்சுது. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? வீடு நிறைய சொந்தக்காரங்க. அவங்க முன்னாடி வசந்தா அம்மா தலை குனிஞ்சா, அந்தக் கோவம் என் மேலயா விடியும்? நான் சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அந்த வீட்லயே இருக்கப் போறது அந்தப் பொண்ணுதானே. அதனால அந்தம்மாவைத் தனியா பின்பக்கம் கூப்பிட்டேன்.

"இப்பவா? சந்தனம் கரைக்கணும், ஆயிரம் வேலை கிடக்கு."

"ஒரே நிமிஷம்மா. நீங்களே வந்து பாத்துடுங்க."

வந்தாங்க. முதல் பக்கெட்டைக் காட்டினேன். "இது சம்பந்தி கொண்டு வந்த உப்பு." அப்புறம் அவங்க கண்ணு முன்னாடியே ஒரு மக்குல போர் தண்ணி பிடிச்சு, குளோரின் விட்டுக் காட்டினேன். "இது நம்ம தண்ணி. இதுல இரும்பு இருக்கும்மா. கரைஞ்சு இருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டா வெளிய வந்துடும்."

மக்கைக் கையில வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க.

"லாரி உள்ள வர முடியலப்பா. பாதிக் குளத்தை வச்சுக்கிட்டு வளைகாப்பு பண்ண முடியுமா? நான் என்ன பண்ணுவேன்?"

"உங்க மேல தப்பு இல்லம்மா. தெரிஞ்சா செஞ்சீங்க?"

"எல்லார்கிட்டயும் உப்புன்னு சொல்லிட்டேனே." புடவைத் தலைப்பை இழுத்து இடுப்புல சொருகினாங்க. "சரி, ஆனது ஆச்சு. விசேஷம் முடியட்டும். நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

"அம்மா, அந்தப் பெரியவர்..."

"திறக்காதேன்னேன்."

போயிட்டாங்க. நான் மறுபடியும் குச்சியைப் பிடிச்சுக்கிட்டு டிகாக்‌ஷன்ல தேய்க்கப் போனேன்.

விசேஷம் ஆரம்பிச்சுது. கயலை மணையில உக்கார வச்சு, ஒவ்வொருத்தரா கன்னத்துல சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் அடுக்கினாங்க. அந்தப் பொண்ணு கையைத்தான் நீட்டிக்கிட்டு இருந்துச்சு, கண்ணு அவங்க அப்பா மேலயே இருந்துச்சு. அவர் மடிப்புக் கலையாத புது வேட்டி சட்டையோட பந்தல் கம்பு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தார். உக்காருங்கன்னு யாரோ நாற்காலி போட்டாங்க, உக்காரல. குளத்தைப் பாக்கறதும் தலையைக் குனியறதுமா இருந்தார். என் காதுபடவே ரெண்டு பேர் பேசிக்கிட்டுப் போறாங்க. "கடையில நல்ல உப்பா கிடைக்கல? ஓசியில வந்துச்சுன்னு கொட்டினா இப்படித்தான்." அவர் காதுலயும் விழுந்திருக்கும். விழுந்துச்சு. அவர் கழுத்து நரம்பு இழுத்துக்கிச்சு, நான் பாத்தேன்.

வளையல் அடுக்கி முடிக்கிற நேரம். அந்த மனுஷன் நேரா வசந்தா அம்மா முன்னாடி போய் நின்னார். நாதஸ்வரம் நின்ன சமயமா போச்சு, பேசினது எல்லாருக்கும் கேட்டுச்சு.

"அம்மா, என்னால உங்க வீட்டு விசேஷத்துல குறை வந்துடுச்சு. நல்ல உப்புன்னு நம்பித்தாம்மா கொண்டாந்தேன். எப்படி இப்படி ஆச்சுன்னு எனக்குப் புரியல." கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கணும். பாப்பா இங்கயே இருக்கட்டும். நீங்க சொன்னதுதான் சரி. எங்களுக்கு அவ்வளவு வசதி போதாது."

"அப்பா!" கயல் எழுந்துக்கப் பாத்துச்சு. கை நிறைய வளையல் கலகலன்னு சத்தம். பக்கத்துல இருந்தவங்க பிடிச்சு உக்கார வச்சாங்க.

நான் வசந்தா அம்மாவைப் பாத்தேன். அவங்க என்னைப் பாக்கல. பேசுவாங்கன்னு காத்திருந்தேன். பேசல. அவர் இன்னும் கையைக் கூப்பிக்கிட்டே நிக்கிறார். அந்தக் கையை எவ்வளவு நேரம்தான் பாத்துக்கிட்டு நிக்கிறது சொல்லுங்க? வயசான மனுஷன், செய்யாத தப்புக்கு. வாயைத் திறக்காதேன்னு சொல்லியிருக்காங்க. திறந்தா அவங்க மானம் போகுது, மூடினா இவர் மானம் போகுது. குச்சியைக் கீழ வச்சேன். என் வாயில வந்தது இதுதான்.

"அம்மா, அந்த போர் லைனை மூடிடட்டுமா? லாரி உள்ள வர முடியலன்னுதானே அவசரத்துக்குத் திறந்தது? அதுல இருக்கிற இரும்புதான் குளத்துக்குக் கலர் கொடுக்குது. மூடிட்டா மேற்கொண்டு ஏறாது. உப்பு பாட்டுக்குத் தெளிவா கரைஞ்சு கிடக்கு, அதைத் தொட வேண்டியதில்ல."

வேலைக்காரன் வேலை விஷயமா கேக்கற மாதிரிதான் கேட்டேன். யார் திறந்ததுன்னு சொல்லல. யாரையும் பாத்துப் பேசல. கூப்பின கை மெல்ல இறங்குச்சு. அவர் என்னைப் பாத்தார், குளத்தைப் பாத்தார், அப்புறம் அந்த அம்மாவைப் பாத்தார்.

வசந்தா அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. இத்தோட நம்ம கதை முடிஞ்சுதுடான்னு நினைச்சுக்கிட்டேன்.

"மூடு"ன்னாங்க. ஒரே வார்த்தை.

யாரோ ஒரு பெரியம்மா, நிலைமையைச் சமாளிக்கத்தான்னு நினைக்கிறேன், "நேரமாகுது, பொண்ணுக்கு திருஷ்டி சுத்துங்க"ன்னு குரல் கொடுத்தாங்க. சமையல்கட்டுலேருந்து ஒரு பொண்ணு உப்பு ஜாடியும் சொம்புல தண்ணியும் எடுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. வசந்தா அம்மா கை நீட்டி அதை நிறுத்தினாங்க.

"அது வேணாம்." என் பக்கம் திரும்பினாங்க. "ஏம்ப்பா, பின்னாடி மூட்டையில மிச்சம் இருக்குல்ல, சம்பந்தி கொண்டு வந்தது? அதுல ரெண்டு கை அள்ளிக்கிட்டு வா. அந்த வெள்ளை பக்கெட்டையும் எடுத்துட்டு வா. நல்லா கழுவி, கேன் தண்ணி ஊத்திக் கொண்டா."

எனக்கு முதல்ல விளங்கல. பக்கெட்டைக் கழுவும்போதுதான் விளங்குச்சு.

கொண்டு போய் வச்சேன். அந்தம்மா ரெண்டு கையிலயும் உப்பை நிறைய அள்ளினாங்க. கயலோட தலையைச் சுத்தி இப்படி மூணு சுத்து, அப்படி மூணு சுத்து. ஊர் கண்ணு, உறவு கண்ணுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே சுத்தினாங்க. "என் கண்ணு"ன்னும் ஒரு தடவை சேத்துச் சொன்னாங்க. சுத்தி முடிச்சு உப்பைப் பக்கெட்ல போட்டு, பட்டுப்புடவையோட கையை முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக் கலக்கினாங்க. திருஷ்டி உப்பை யாரும் அப்படிக் கலக்க மாட்டாங்க. போட்டுட்டு ஒதுங்கிடுவாங்க. இவங்க கரையற வரைக்கும் கலக்கினாங்க. அப்புறம் பக்கெட்டைக் காலால நகர்த்தி எல்லாருக்கும் தெரியற மாதிரி நடுவுல தள்ளினாங்க. அடி வரைக்கும் தெரிஞ்சுது. அதுல ஒரு பொட்டு அழுக்கு இல்ல.

"சம்பந்தி"ன்னு கூப்பிட்டாங்க. குரல் கொஞ்சம் உடைஞ்சுதான் வந்துச்சு. "பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. நல்லபடியா பெத்துப் பொழைச்சு, தாயும் புள்ளையுமா கொண்டு வந்து விடுங்க. முதல்ல உள்ள வாங்க, சாப்பிடலாம்."

அந்த மனுஷன் அழுதுட்டார். துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். கயலும் அழுதுச்சு, சிரிச்சுச்சு, சந்தனம் எல்லாம் கன்னத்துல வழிஞ்சுது. நான் போர் லைனை மூடற சாக்குல பின்பக்கம் வந்துட்டேன்.

வந்து யோசிச்சுப் பாத்தேன். அந்தம்மாவுக்கு அந்த பக்கெட் எப்படித் தோணுச்சு? முன்னாடியே தனியா பாத்ததாலதான் தோணுச்சு. நான் அவங்களை முன்னாடியே கூப்பிட்டுக் காட்டினேன் பாருங்க, அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் புத்தியோட செஞ்சது. மத்ததெல்லாம் வாய் தவறினது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தண்ணி ஒண்ணு சொல்லும், வீடு ஒண்ணு சொல்லும், நடுவுல நீங்க நிப்பீங்க. என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. தப்பு பண்ணினவங்களுக்கு முதல்ல தனியா சொல்லுங்க, அவங்களே சரி பண்ணிக்க ஒரு வழி விடுங்க. அதுக்கு மேல உங்க பாடு.

சாப்பிட்டுக் கிளம்பினேன். சைக்கிள்கிட்ட வரும்போது பின்னாடி செருப்பு சத்தம். வசந்தா அம்மாதான். கையில தாம்பூலப் பை.

"உனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே முடியாதாப்பா?"

நான் தலையைச் சொறிஞ்சேன்.

"நாளைக்கு வந்து இந்தத் தண்ணியைத் தெளிய வை. லாரி வர்ற மாதிரி கேட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். என் பேரப்புள்ள வந்து இறங்குற தண்ணி, ஞாபகம் வச்சுக்க." பையை என் கையில திணிச்சாங்க. ரெண்டு எட்டு போயிட்டு, திரும்பிப் பாக்காமலே சொன்னாங்க.

"உப்பு பத்தலன்னா கடையில கிடையில போய் வாங்கிட்டு நிக்காதே. என்கிட்ட சொல்லு, மரக்காணத்துக்கு நான் போன் பண்றேன்."